தூங்க வைத்த கணனி எழும்பாவிட்டால் என்ன செய்வது?

மண்சரிவாலோ வெள்ளத்தாலோ வீட்டையும் விளைநிலத்தையும் விட்டு இடம்பெயர நேரும் குடும்பங்கள், உயிர் தப்பியபின் தேடுவது பத்திரங்களைத்தான். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் புதைந்தன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மீண்டும் மலைகள் சரிந்தன. வீட்டோடு சேர்ந்து அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணிக் கடிதம் யாவும் போய்விட்டால், தாம் யார், எங்கே வாழ்ந்தோம் என்பதையே ஒரு குடும்பம் மறுபடியும் நிரூபிக்க வேண்டியதாகிறது.

இன்று இத்தகைய பத்திரங்களின் பிரதிகள், நட்டஈட்டு விண்ணப்பங்கள், விவசாயச் சங்கக் கணக்குகள், பிள்ளைகளின் பாடங்கள் எனப் பலவும் கணனியிலேயே இருக்கின்றன. அதுவும் பெரும்பாலும் பல கை மாறி வந்த பழைய மடிக்கணனி. மூடி வைத்துவிட்டுத் திறந்தால் திரை கறுத்தே கிடக்கிறது. அல்லது நீலத் திரை வந்து நின்றுவிடுகிறது. இதற்கான காரணத்தையும் நாமே செய்யக்கூடிய பரிகாரத்தையும் இங்கு பார்ப்போம்.

மூன்று விதமான ஓய்வு

முதலாவது ஸ்லீப். நாம் செய்துகொண்டிருக்கும் வேலை ரேம் எனப்படும் தற்காலிக நினைவகத்திலேயே இருக்கும். அதைக் காப்பதற்கு மட்டும் சிறிதளவு மின்சாரம் ஓடும். அடுப்புத் தணலைச் சாம்பலால் மூடி வைப்பது போன்றது இது. தணல் அணைந்தால் எல்லாம் போயிற்று.

இரண்டாவது ஹைபர்னேட். நினைவகத்தில் உள்ளதைக் கணனி வன்தட்டில் எழுதிவிட்டு முற்றாக அணைந்துவிடும். கணக்கப்பிள்ளை கொழுந்தின் நிறையை மனதில் வைத்திராமல் செக்ரோலில் பதிந்துவிட்டுப் போவதைப் போன்றது. இதற்கு மின்சாரம் தேவையில்லை. ஆனால் வன்தட்டில் போதிய இடம் வேண்டும்.

மூன்றாவது ஷட் டவுன். ஆனால் 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல், ஷட் டவுன் கொடுத்தாலும் கணனி முழுமையாக மூடுவதில்லை. விரைவாகத் தொடங்குவதற்காகத் தனது உள்நிலையின் ஒரு பகுதியை ஹைபர்னேட் முறையில் எழுதி வைத்துக்கொள்கிறது. இதன் பெயர் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். ஆகவே “நான் ஒழுங்காகத்தானே நிறுத்தினேன்” என்பவரின் கணனியும் காலையில் தடுமாறலாம்.

எழும்பும்போது ஏன் விழுகிறது?

1. மின்தடை. காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களின் நீரால் மின்சாரம் பிறப்பது நமது மலைகளில்தான். ஆனாலும் காற்றில் ஒரு மரம் முறிந்து கம்பியில் விழுந்தால் நமது வீட்டு விளக்கும் அணைகிறது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஏற்பட்ட கோளாறால் நாடு முழுவதுமே இருண்டது. குரங்கொன்றே காரணம் என அமைச்சர் கூறினார். மின்கலம் இல்லாத மேசைக் கணனியோ, மின்கலம் தளர்ந்த மடிக்கணனியோ அவ்வேளை ஸ்லீப்பில் இருந்தால், சேமிக்காத வேலை போய்விடக்கூடும்.

2. டிரைவர். திரை, வைஃபை, பிரின்டர் போன்ற ஒவ்வோர் உறுப்புக்கும் கணனிக்கும் இடையே துபாஷியாக நிற்கும் சிறு மென்பொருளே டிரைவர். பழைய கணனியில் புதிய விண்டோஸை ஏற்றும்போது இந்தத் துபாஷி சில கட்டளைகளைச் சரியாக விளங்கிக்கொள்வதில்லை. ‘எழும்பு’ என்றால் ஓர் உறுப்பு எழும்பாமல் கிடக்கும். அதற்காகக் காத்திருந்து முழுக் கணனியும் நின்றுவிடும். நீலத் திரையில் ‘டிரைவர் பவர் ஸ்டேட் ஃபெயிலியர்’ என்று வருவது இதைத்தான் குறிக்கிறது.

3. நினைவகமும் வன்தட்டும். மலையகத்தின் ஈரக் காற்றில் ரேம் அட்டையின் முனைகளில் அழுக்கும் களிம்பும் படியலாம். வன்தட்டு நிரம்பியிருந்தாலோ பழுதடைந்திருந்தாலோ ஹைபர்னேட் பதிவும் கெட்டுப்போகும்.

வரிசையாகச் செய்ய வேண்டியவை

முதலில் பொறுமை. ஒரு விசையை அழுத்தி ஒரு நிமிடம் காத்திருங்கள். பழைய வன்தட்டு மெதுவாகத்தான் எழும்பும்.

திரை மட்டும் கறுப்பாக இருந்தால் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி ஆகிய நான்கு விசைகளையும் ஒருசேர அழுத்துங்கள். திரையின் டிரைவர் மறுபடி தொடங்கும். திறந்திருந்த வேலை தப்பக்கூடும்.

அதற்கும் அசையாவிட்டால் பவர் பொத்தானைப் பத்து விநாடிகளுக்குக் குறையாமல் அழுத்திப் பிடித்து அணையுங்கள். பென் டிரைவ், பிரின்டர், டொங்கிள் யாவற்றையும் கழற்றிய பின் தொடங்குங்கள். சேமிக்காத வேலை போகலாம். ஏற்கனவே சேமித்த கோப்புகள் பொதுவாக அப்படியே இருக்கும்.

நீலத் திரை வந்தால் அதிலுள்ள சொற்களைத் தொலைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பழுது பார்ப்பவருக்கு அது பெரும் உதவி.

அடுத்து, குறை எப்போது வருகிறது என்று கவனியுங்கள். ஷட் டவுன் செய்து தொடங்கும்போது தடுமாறி, ரீஸ்டார்ட் செய்யும்போது நன்றாக எழும்பினால், ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பைச் சந்தேகிக்கலாம். கன்ட்ரோல் பெனலில் பவர் ஒப்ஷன்ஸ் சென்று, பவர் பொத்தான்கள் பற்றிய பகுதியில் அதன் அடையாளத்தை எடுத்துவிடுங்கள். ஸ்லீப்பின் பின் மட்டுமே விழுந்தால் டிரைவரைப் பாருங்கள். அந்தக் கணனியைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து, அதே மாதிரிக்குரியதையே எடுக்க வேண்டும். சாதாரண வேலையின் நடுவிலும் விழுந்தால் ரேமையும் வன்தட்டையும் சோதிக்க வேண்டும். விண்டோஸிலுள்ள மெமரி டயக்னொஸ்டிக் ரேமைச் சோதிக்கும், இதற்குச் செலவில்லை.

எதுவும் சரிவராவிட்டால் ஸ்லீப்பை நிறுத்திவிட்டு, வேலை முடிந்ததும் சேமித்து ஷட் டவுன் செய்யும் பழக்கத்துக்கு வாருங்கள். இடி மின்னல் வேளையில் செருகியையும் கழற்றிவிடுங்கள்.

கடைக்குக் கொண்டுபோகும் முன்

எழும்பாத கணனியைப் பார்த்ததும் “ஃபோமட் பண்ணினால் சரி” என்று சொல்பவர் உண்டு. ஃபோமட் என்பது வன்தட்டைத் துடைத்துப் புதிதாக்குவது. கணனி ஓடும், பத்திரங்கள் இரா. எனவே, “முதலில் எங்கள் கோப்புகளைப் பிரதி எடுத்துத் தாருங்கள், பிறகு மற்றதைச் செய்யுங்கள்” என்று உறுதியாகச் சொல்லுங்கள். இயன்றால் தாளிலும் எழுதிக் கொடுங்கள். எழும்பாத கணனியின் வன்தட்டைக் கழற்றி வேறு கணனியில் இணைத்து, கோப்புகளை மீட்கப் பல வேளைகளில் முடியும்.

அதைவிட நல்லது, அந்த நிலை வருமுன்னே முக்கிய பத்திரங்களை ஒரு பென் டிரைவில் பிரதி எடுத்து, வேறு இடத்தில் வாழும் நம்பிக்கையான உறவினரிடம் கொடுத்து வைப்பது. கணனியும் பிரதியும் ஒரே வீட்டில் இருந்தால், சரிவு வரும் நாளில் இரண்டும் ஒன்றாகவே போகும். சங்கங்கள் தமது அங்கத்தவர் பட்டியலுக்கும் கணக்குகளுக்கும் மாதம் ஒரு நாளை இதற்கென ஒதுக்கலாம்.

கணனி பழுதானால் இன்னொன்றை வாங்கலாம். வீட்டோடு போன பத்திரத்தை மீண்டும் பெறப் பிரதேச செயலகத்தின் படிகளில் எத்தனை நாள் ஏற வேண்டும் என்பது, அங்கே ஏறி இறங்கியவர்களுக்குத் தெரியும். ஆகவே இன்று மாலை கணனியின் மூடியைச் சாத்துமுன் சேமியுங்கள்; பிரதி எடுங்கள்; அதன் பிறகு அதைத் தூங்க விடுங்கள்.