தட்டினால் திறந்த கதவுகள்... திறக்காத கதவுகள்!

பஃபலோ நகரத்தாருக்குப் பனியைக் காட்டிப் பயமுறுத்த முடியாது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், ஈரி ஏரியின் கிழக்கு முனையில் இருக்கிறது அந்த ஊர். நயாகரா அருவிக்கு அரை மணி நேரப் பயணம். நவம்பர் பிறந்தால் பனி கொட்டும் என்பது அங்கே பஞ்சாங்கம் பார்க்காமலே தெரிந்த விஷயம். வீட்டுக்கு வீடு மண்வெட்டி போல அகலமான பனி ஷவல் இருக்கும். வசதி உள்ளவர்கள் பனியை அள்ளி ஓரமாக வீசும் ஸ்னோ ப்ளோயர் வாங்கி வைத்திருப்பார்கள். இவ்வளவு பழகிய ஊரில், 2022 கிறிஸ்துமஸ் வாரத்தில் வீசிய ஒரே ஒரு பனிப்புயலுக்கு நகரமும் சுற்றுவட்டாரமும் சேர்ந்து 47 உயிர்களைப் பறிகொடுத்தன.

இதில் ஒரு முரண் உண்டு. அதற்கு ஒரு மாதம் முன்புதான் பஃபலோவை ஒட்டிய ஆர்ச்சர்ட் பார்க்கில் 80 அங்குலம், அதாவது இரண்டு மீட்டர் உயரத்துக்குப் பனி கொட்டியிருந்தது. டிசம்பர் புயலில் பஃபலோ விமான நிலையத்தில் பதிவானது 51.9 அங்குலம். நவம்பரோடு ஒப்பிட்டால் கணிசமாகக் குறைவு. ஆனால் நவம்பரில் இறந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். குறைந்த பனியில் எப்படி இத்தனை பேர் செத்தார்கள்?

கொன்றது காற்று

ஈரி ஏரி ஏறத்தாழ 390 கிலோமீட்டர் நீளம். தென்மேற்கிலிருந்து வடகிழக்காக நீண்டு, சரியாக பஃபலோவில் வந்து முடிகிறது. வட அமெரிக்காவின் ஐந்து பேரேரிகளில் ஆழம் குறைந்தது இதுதான். அதனால் கடுங்குளிர் காலத்தில் மேற்பரப்பு சீக்கிரம் உறைந்துவிடும். உறைவதற்கு முன்பு, தண்ணீரில் கோடைச் சூடு கொஞ்சம் மிச்சமிருக்கும்போது, கடுங்குளிர்க் காற்று ஏரியின் நீளவாக்கில் ஓடி வந்தால் வழியெல்லாம் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். கரையைத் தொட்டதும் அத்தனையையும் பனியாகக் கொட்டும்.

2022 டிசம்பர் 23, வெள்ளிக்கிழமை. ஏரி உறையவில்லை. வடதுருவக் குளிர் வந்து சேர்ந்தபோது வெப்பநிலை சில மணி நேரத்தில் மளமளவெனச் சரிந்தது. காற்று மணிக்கு 110 கிலோமீட்டரைத் தாண்டி வீசியது. அமெரிக்க வானிலைத் துறையின் கணக்குப்படி, மணிக்கு 56 கிலோமீட்டருக்கு மேல் காற்றும், கால் மைலுக்குள் சுருங்கிய பார்வையும் மூன்று மணி நேரம் நீடித்தால் அது பிளிசர்ட். பஃபலோவில் அந்த நிலை 37 மணி நேரம் நீடித்தது.

பனி தானாக விழுந்தால் அள்ளிப் போட்டுவிடலாம். காற்று சேர்ந்தால் அள்ளிய இடத்தை அடுத்த நிமிடமே அது மூடிவிடும். நீட்டிய கை தெரியாது. தன் வீட்டுக்கும் எதிர்வீட்டுக்கும் நடுவே திசை தப்பிவிடும். காருக்குள் இருப்பவர் ஹீட்டருக்காக இன்ஜினை ஓட விட்டால், பனி மூடிய புகைக்குழாய் வழியே வெளியேற முடியாத கார்பன் மோனாக்சைடு உள்ளேயே திரும்பும். 1977 ஜனவரியிலும் பஃபலோ இப்படி ஒரு புயலைப் பார்த்தது. அப்போது ஏரி உறைந்து கிடந்தது. வானத்திலிருந்து விழுந்ததைவிட, உறைந்த ஏரியின்மீது வாரக்கணக்கில் குவிந்திருந்த பனியைக் காற்று வாரி வந்து ஊருக்குள் கொட்டியதுதான் அதிகம். அன்று 29 பேர் இறந்தார்கள். ஊரே தலைமுறை தலைமுறையாகப் பேசிவந்த அந்தப் புயலின் கணக்கை 2022 மிஞ்சிவிட்டது.

போன் எடுத்தார்கள்; ஆள் வரவில்லை

நகரத்தில் யாரும் வண்டி ஓட்டக் கூடாது என்ற தடை வெள்ளிக்கிழமை காலை 9.30 மணிக்கு அமலுக்கு வந்தது. அதற்குள் பலர் வேலைக்குக் கிளம்பியிருந்தார்கள். வேலை முடித்துத் திரும்பிய 22 வயதுப் பெண் ஒருவர், காரிலேயே சிக்கி, குடும்பத்துக்கு வீடியோ அனுப்பிக்கொண்டே உதவிக்குக் காத்திருந்து இறந்துபோனார். நோயாளிகளைப் பார்த்துக்கொள்வது அவருடைய வேலை.

அவசர எண் 911-ஐ அழைத்தவர்களுக்குப் பதில் கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ், போலீஸ் கார், ஏன், பனி தள்ளும் வண்டிகூடத் தெருவில் புதைந்து நின்றது. நகரத்தின் தீயணைப்பு வண்டிகளில் கிட்டத்தட்ட எல்லாமே சிக்கிவிட்டதாக ஆளுநர் கேத்தி ஹோக்கலே சொன்னார். மின்சாரத் துணை நிலையம் ஒன்றின்மேல் 18 அடி உயரத்துக்குப் பனி மேடு. அதை உடைத்து உள்ளே போனால்தான் விளக்கு எரியும்.

டிசம்பர் 24 அன்று ஒரு வீட்டில் பிரசவ வலி. ஆம்புலன்ஸ் வர வழியில்லை. பிரசவத் துணைக்குப் பயிற்சி பெற்ற பெண்கள் வீடியோ அழைப்பில் ஒவ்வொரு கட்டமாகச் சொல்லச் சொல்ல, கணவரே பிள்ளையைக் கையில் ஏந்தினார். தாயும் மகளும் நலம்.

குளிர் வீட்டுக்குள் வரும் வழி

வெளியே போனால் ஆபத்து; வீட்டுக்குள் இருந்தால் பிழைத்தோம் என்றுதான் தோன்றும். ஆனால் இறந்தவர்களில் பலர் தங்கள் வீட்டிலேயே குளிரில் விறைத்துப் போனவர்கள். நம் ஊர் ஆட்களுக்கு இது புரிவது கஷ்டம்.

அங்கே வீட்டைச் சூடாக்குவது பெரும்பாலும் நிலவறையில் இருக்கும் ஃபர்னஸ். எரிவது கேஸில்தான். ஆனால் சூடான காற்றை அறை அறையாகத் தள்ளும் விசிறிக்கும், அதை முடுக்கும் சுவிட்சுக்கும் கரண்ட் வேண்டும். கரண்ட் போனால் கேஸ் இருந்தும் வீடு சில்லிட்டுவிடும். கரண்ட் இருந்தாலும் இன்னொரு சிக்கல் உண்டு. புதுவகை ஃபர்னஸுக்குக் காற்று போகும் குழாயும் புகை வெளியேறும் குழாயும் வீட்டின் பக்கச் சுவரில், தரைக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். காற்று வாரி வந்த பனி அவற்றை அடைத்துவிட்டால் ஃபர்னஸ் நின்றுபோகும். இல்லாவிட்டால் நச்சுக்காற்று வீட்டுக்குள் ஏறும். புயலுக்கு நடுவே ஒரு மனிதர் ஷவலோடு வெளியே இறங்கினால், பாதையைவிட முதலில் அந்தக் குழாய் வாயைத்தான் திறந்துவிடுவார்.

மற்றவை எல்லாம் அங்கே வழிவழியாக வரும் கைப்பழக்கம். குழாய்த் தண்ணீர் உறைந்து பைப் வெடிக்காமல் இருக்க, நூல் பிடித்தாற்போல் ஒழுக விடுவது. சிங்க்குக்கு அடியில் உள்ள அலமாரிக் கதவைத் திறந்து வைத்து அறைச் சூடு பைப்புக்குப் போகச் செய்வது. குடும்பமே ஒரு சின்ன அறைக்குள் அடைந்து, கதவிடுக்கில் துணி திணித்து, இருக்கிற கம்பளி அத்தனையையும் போர்த்திக்கொள்வது. கரண்ட் இல்லாத ஃப்ரிட்ஜிலிருந்து பாலையும் இறைச்சியையும் எடுத்து வெளியே பனியில் செருகுவது. செய்யக் கூடாததும் உண்டு. கேஸ் அடுப்பை எரியவிட்டுக் குளிர்காயக் கூடாது. ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ கராஜுக்குள்ளோ ஓட்டக் கூடாது. இரண்டும் தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

இத்தனையும் தெரிந்தவர்களுக்கும் ஒரு கட்டத்தில் கையில் எதுவும் மிஞ்சாது. அப்போது கண்ணுக்கு எட்டுவது பக்கத்து வீடு மட்டுமே.

அடுத்த வீட்டு வயர்

பஃபலோவின் பழைய தெருக்களில் ‘டபுள்’ என்று சொல்லும் வீடுகள் நிறைய. கீழே ஒரு குடும்பம், மேலே ஒரு குடும்பம். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு கார் நுழையும் அளவுதான் இடைவெளி. இந்த நெருக்கம் புயலில் கைகொடுத்தது. கரண்ட் உள்ள வீட்டிலிருந்து இல்லாத வீட்டுக்கு எக்ஸ்டென்ஷன் வயர் போனது. ஃபேஸ்புக்கில் ஒரே நாளில் முளைத்த ஒரு குழுவில் பல்லாயிரம் பேர் சேர்ந்தார்கள். இன்சுலின் தீர்ந்துவிட்டது, குழந்தைக்குப் பால் பவுடர் இல்லை, தனியாக இருக்கும் அம்மா போனை எடுக்கவில்லை, யாராவது போய்ப் பார்க்க முடியுமா என்று கேட்டார்கள். அதே தெருவில் இருந்த யாரோ போய்ப் பார்த்தார்கள்.

வில்லியம்ஸ்வில் என்ற புறநகரில், நயாகரா பார்க்க வந்த தென்கொரியச் சுற்றுலாப் பயணிகளின் வேன் பனிக்குழியில் மாட்டிக்கொண்டது. ஷவல் இரவல் கேட்டு ஒரு வீட்டுக் கதவைத் தட்டினார்கள். வேன் இனி அசையாது என்று அந்த வீட்டுத் தம்பதிக்குத் தெரியும். ஓட்டுநரோடு சேர்த்துப் பத்துப் பேரையும் உள்ளே கூப்பிட்டுக்கொண்டார்கள். புயலை எதிர்பார்த்து ஃப்ரிட்ஜை நிரப்பி வைத்திருந்த வீடு அது. அதைவிட வேடிக்கை, அந்தத் தம்பதிக்குக் கொரியச் சமையல் உயிர். கிம்ச்சி, நல்லெண்ணெய், கொரிய மிளகாய்த் தூள், ரைஸ் குக்கர் என எல்லாம் தயார். வந்தவர்கள் அடுப்படியை எடுத்துக்கொண்டு சமைத்துப் போட, கிறிஸ்துமஸ் வார இறுதி விருந்தாகக் கழிந்தது.

நகரத்துக்குள் நடந்தது வேறு மாதிரி. வெளியே யாரோ அலறுவது ஒரு பெண்ணின் காதில் விழுந்தது. அவருடைய காதலர் இறங்கிப் போய், அலறிய மனிதரைத் தூக்கி வந்தார். அந்த மனிதர் அறுபதைக் கடந்தவர், மனவளர்ச்சி குறைந்தவர். பிடித்திருந்த பை கையோடு உறைந்து ஒட்டியிருந்தது. அதை வெட்டி எடுத்து, விரல்களில் இறுகிய பனியை ஹேர் டிரையரால் உருக்கினார் அந்தப் பெண். உறைந்த விரலைத் தேய்க்கக் கூடாது, வெதுவெதுப்பான நீரில் வைக்க வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் முறை. அவர் கையில் அப்போது கிடைத்தது ஹேர் டிரையர். திரும்பத் திரும்ப 911-ஐ அழைத்துப் பார்த்தார். கடைசியில் ஃபேஸ்புக் நேரலையில் வந்து கெஞ்சினார். முன்பின் தெரியாத சிலர் பனி தள்ளும் வண்டியோடு வந்து, அந்த மனிதரை மருத்துவமனையில் சேர்த்தார்கள். அவர் பிழைத்தார். நகரத்தின் கிழக்குப் பகுதியில், ஃபில்மோர் அவென்யூவில், கரண்ட் போகாத தன் முடிதிருத்தும் கடையை ஒருவர் திறந்துவிட்டார். முடிவெட்டும் நாற்காலிகளில் ஊரார் இரவைக் கழித்தார்கள்.

500 டாலருக்கும் திறக்காத கதவு

இந்தக் கதைகளை மட்டும் சொன்னால் பாதி உண்மைதான். சீக்டவாகா என்ற பக்கத்து ஊரில் ஒரு மெக்கானிக். நண்பரை மீட்கப் போய்த் தன் வண்டியோடு மாட்டிக்கொண்டார். அக்கம்பக்கத்தில் பத்து வீடுகளில் கதவைத் தட்டினார். தரையில் படுத்துக்கொள்கிறேன், 500 டாலர் தருகிறேன் என்றார். ஒரு கதவும் திறக்கவில்லை. இரவை வண்டியில் கழித்தவர், பெட்ரோல் தீர்ந்துகொண்டு வரவே, அருகில் தெரிந்த பள்ளிக்கூடத்தின் ஜன்னலை உடைத்து உள்ளே போனார். போனவர் தான் பிழைத்தால் போதும் என்று உட்கார்ந்துவிடவில்லை. திரும்பி வந்து ஒவ்வொரு காராகத் தட்டி, முதியவர்கள் உட்பட இருபதுக்கும் மேற்பட்டவர்களைப் பள்ளிக்குள் கூட்டிப் போனார். புயல் ஓய்ந்ததும் பள்ளியின் ஸ்னோ ப்ளோயரை எடுத்து எல்லாருடைய காரையும் விடுவித்துக் கொடுத்தார். ஜன்னலை உடைத்ததற்கும் சாப்பாட்டை எடுத்ததற்கும் மன்னிப்புக் கேட்டு ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போனார். போலீஸ் அவரைத் தேடியது, நன்றி சொல்வதற்கு!

கதவைத் திறக்காத அந்தப் பத்து வீட்டார் கல்நெஞ்சக்காரர்கள் என்று சொல்லிவிடுவது எளிது. இருட்டு, புயல், முகம் தெரியாத வாலிபர், துப்பாக்கிகள் மலிந்த நாடு. பயப்பட அவர்களுக்குக் காரணம் இருந்தது. கொரியர்களுக்குத் திறந்த கதவும் இவருக்குத் திறக்காத கதவும் பக்கத்துப் பக்கத்து ஊர்களில்தான் இருந்தன. ஆளுக்கு ஆள் மாறும் இரக்கத்தை நம்பி ஒரு நகரம் இருக்க முடியாது என்பதைத்தான் இது காட்டுகிறது.

எண்ணிக்கை சொல்லும் கணக்கு

நகர நிர்வாகம் கேட்டுக்கொண்டதன் பேரில் நியூயார்க் பல்கலைக்கழகம் ஆராய்ந்து 2023-இல் ஓர் அறிக்கை கொடுத்தது. பயணத் தடையை முன்கூட்டியே அறிவித்திருந்தால் மக்கள் உணவும் மருந்தும் வாங்கி வைத்துக்கொண்டு வீடடங்கியிருப்பார்கள் என்பது அது சுட்டிக்காட்டிய முக்கிய விஷயங்களில் ஒன்று. நகரத்து மக்களில் மூன்றில் ஒரு பங்குதான் கறுப்பினத்தவர். நகர எல்லைக்குள் இறந்தவர்களிலோ பாதிக்கு மேல் அவர்கள். பெரும்பாலும் கறுப்பின மக்கள் வாழும் கிழக்குப் பகுதியில் பெரிய மளிகைக் கடைகள் அரிது. இருந்த ஒன்றில்தான் அதே ஆண்டு மே மாதம் இனவெறியன் ஒருவன் பத்துப் பேரைச் சுட்டுக் கொன்றிருந்தான். அங்கே பழைய வீடுகள். குளிர் புகுவது சுலபம். ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் கூலி போய்விடும் என்பவர்கள் புயல் எச்சரிக்கையைக் கேட்டும் கிளம்பத்தான் செய்வார்கள்.

பக்கத்து வீட்டாரின் அன்பு இந்தத் தெருக்களிலும் குறைவில்லை. சொல்லப்போனால் முடிதிருத்தும் கடையைத் திறந்துவிட்டவர் இந்தப் பகுதிக்காரர்தான். இங்கே இல்லாமல் போனவை ஜெனரேட்டர், நிறைந்த ஃப்ரிட்ஜ், இரண்டு நாள் முன்னதாக வரவேண்டிய அறிவிப்பு. கொடுக்க மனம் இருந்தாலும், கொடுப்பதற்கு வீட்டில் ஏதாவது இருக்க வேண்டும் அல்லவா?

பஃபலோவுக்கு ‘நல்ல அண்டை வீட்டாரின் நகரம்’ என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. அந்தப் பெயரை அந்த ஊர்க்காரர்கள் 2022-இல் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் அண்டை வீட்டாரால் முடிவது ஓர் இரவோ இரண்டு இரவோ தாக்குப்பிடிக்க வைப்பது. அதற்கும் புயலுக்கு முன்பே சில விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும்: தெருவில் தனியாக இருக்கும் முதியவர் யார், ஆக்சிஜன் மெஷினில் இருப்பவர் யார், ஜெனரேட்டர் எந்த வீட்டில், மாற்றுச் சாவி யாரிடம். இதற்கு ஒரு தாளும் அரை மணி நேரமும் போதும். மற்ற வேலை, தடையை நேரத்தோடு போடுவதும், பனி தள்ளும் வண்டி ஏழைத் தெருவுக்கும் போவதும், மின் நிலையத்தைப் புயலுக்குத் தாங்கும்படி கட்டுவதும், வரி வாங்குகிறவர்கள் செய்ய வேண்டியது. அதைச் செய்யாத நிர்வாகம், அடுத்த புயலுக்குப் பிறகு அண்டை வீட்டாரை மேடையேற்றிப் பாராட்டுவதில் அர்த்தமில்லை.