மாத்தாங் காட்டில் ஒரு தில்லை மரம்

கமுந்திங்கிலிருந்து காரில் அரை மணி நேரம் போனால் கோலா செபெத்தாங் வந்துவிடும். மீன், இறால் வாங்கவும் மின்மினிப் பூச்சி பார்க்கவும் நம்மவர்கள் அங்குப் போவதுண்டு. அங்குள்ள மாத்தாங் சதுப்புநிலக் காடு சுமார் 40,000 ஹெக்டர் பரப்புள்ளது. அதில் தமிழருக்கு நெருக்கமான ஒரு மரம் வளர்வது பலருக்குத் தெரியாது. அதுதான் தில்லை.

சிதம்பரத்தின் பழைய பெயரே தில்லை. நடராஜர் கோயிலின் தல விருட்சமும் அதுவே. அருகிலுள்ள பிச்சாவரம் சதுப்புநிலக் காட்டில் இன்றும் அம்மரம் வளர்கிறது. மலாய்க்காரர்கள் அதைப் 'பூத்தா பூத்தா' என்பார்கள். 'பூத்தா' என்றால் குருடு. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வை கெடும். எனவே தள்ளி நின்று பார்ப்பதே நல்லது.

கோயிலையும் மரத்தையும் நம் முன்னோர் பிரித்துப் பார்த்ததில்லை. மதுரைக்குக் கடம்பு, காஞ்சி ஏகாம்பரநாதருக்கு மா. பேராக்கில் பால்மரம் சீவ வந்தவர்களும் அப்படித்தான். தோட்டத்து எல்லையில் பெரிய மரம் ஒன்றின் அடியில் கல்லும் சூலமும் நட்டு முனியாண்டியைக் கும்பிட்டார்கள். கூரை எல்லாம் பிறகு வந்தது.

தோட்டங்கள் தாமான்களாகவும் தொழிற்சாலைகளாகவும் மாறியபோது பல கோயில்கள் இடம் மாறின. சாமியைக் கொண்டுவந்து விடுகிறோம். மரத்தைக் கொண்டுவர முடிவதில்லை. புதிய இடத்தில் மண்டபம், கார் நிறுத்துமிடம், கும்பாபிஷேகச் செலவு எல்லாம் பேசுகிறோம். மரத்துக்கு இடம் எங்கே என்று பெரும்பாலும் கேட்பதில்லை. காலடியில் மண் இல்லாமல் எல்லாம் சிமெண்டாகிவிடுகிறது.

ஜப்பானியரும் பழைய ஆலயங்களைச் சுற்றித் தோப்பு வளர்ப்பவர்கள். தோக்கியோ நகரின் நடுவே 1920இல் மெய்ஜி ஆலயம் எழுந்தபோது, நாடெங்கும் இருந்து மக்கள் தந்த சுமார் 1,00,000 மரங்களை நட்டார்கள். தானாகவே விதை விழுந்து முளைத்துத் தொடரும்படி மர வகைகளைத் தேர்ந்தார்கள். இன்று 70 ஹெக்டர் அளவில் அது காடாக நிற்கிறது.

நமக்கு அவ்வளவு நிலம் கிடையாது. ஆனால் ஒரு வேம்புக்கோ வில்வத்துக்கோ இடம் விடலாம். கோயில் வரைபடம் போடும்போதே அதைக் குறித்துவிட வேண்டும். சிமெண்டு போட்ட பிறகு யோசித்துப் பயனில்லை. அடுத்த பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை மாத்தாங்குக்கு அழைத்துச் செல்லுங்கள். தேவாரத்தில் கேட்ட தில்லை, நம் வீட்டுப் பக்கத்திலேயே இருப்பதைக் காட்டுங்கள்.