நடுவுல ஒரு கேள்விக்குறி: பொது நம்பிக்கைப் பட்டியல் இல்லாத ஒரு சபை, கலையை வெச்சு என்ன பண்ணுது?

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். வாசிப்புக்காகச் சில இடங்களில் சுருக்கியும் திருத்தியும் இருக்கிறோம்.)

இந்த எபிசோடுக்கான விதை நீங்க அனுப்பின மெசேஜ்கள்ல இருந்துதான் வந்தது. "எனக்குக் கடவுள் நம்பிக்கை இருக்கா இல்லையான்னே தெரியல, ஆனா ஒரு நல்ல கச்சேரியில உட்கார்ந்திருக்கும்போது உள்ளுக்குள்ள ஏதோ நடக்குது"ங்கிற மாதிரி நிறைய பேர் எழுதியிருந்தீங்க. அந்த 'ஏதோ' பெரும்பாலும் ஹெட்போனுக்குள்ளயே முடிஞ்சிடுது. அதை நூறு பேரோட சேர்ந்து, வாராவாரம், குழந்தைகளையும் கூட்டிட்டுப் போய்ப் பகிர்ந்துக்க முடியுமா? அப்படிப் பகிர்ந்துக்கணும்னா எல்லாரும் ஒரே விஷயத்தை நம்பியாகணுமா?

இந்தக் கேள்வியோட ரொம்ப நாளா மல்லுக்கட்டிட்டு இருக்கிற ஒரு கூட்டம் உண்டு. யூனிடேரியன்கள். இவங்களோட கதை கிறிஸ்தவத்துக்குள்ள இருந்துதான் ஆரம்பிக்குது. பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்கிற திரித்துவக் கோட்பாட்டை ஏற்காம, கடவுள் ஒருவரேன்னு சொன்னவங்க. அதனாலதான் அந்தப் பேர். 16-ஆம் நூற்றாண்டுலயே ட்ரான்சில்வேனியாவுல இவங்களுக்குச் சபைகள் இருந்தன. நம்ம ஊருக்கும் ஒரு தொடர்பு இருக்கு: 1795-லயே வில்லியம் ராபர்ட்ஸ் என்கிற தமிழர் மெட்ராஸ்ல ஒரு யூனிடேரியன் சபையை ஆரம்பிச்சிருக்கார். அவர் கதை தனி எபிசோடு கேட்கிற கதை, இங்க தொட்டுட்டு மட்டும் போறேன்.

அமெரிக்காவுல இந்த மரபு போகப் போக ரொம்பவே மாறிடுச்சு. 1961-ல யூனிவர்சலிஸ்ட்டுகளோட இணைஞ்சு ஒரே அமைப்பா ஆனாங்க. உறுப்பினர் ஆகணும்னா இதை இதை நம்பணும்னு ஒரு பட்டியல் அங்க கிடையாது. ஒரே பெஞ்சுல கிறிஸ்தவர், பௌத்த தியானம் பண்றவர், நாத்திகர்னு மூணு பேரும் பக்கத்துப் பக்கத்துல உட்காரலாம். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா ஞாயிற்றுக்கிழமை காலையில இந்த மூணு பேரும் சேர்ந்து என்ன பண்ணுவாங்க? சேர்ந்து ஜெபிக்கலாம்னா, யார்கிட்ட ஜெபிக்கிறது? சேர்ந்து பாடலாம்னா, பாட்டுல 'ஆண்டவர்'னு வந்தா நாத்திகர் வாயை மூடிக்குவார். யூனிடேரியன்கள் தங்களையே கிண்டல் பண்ணிக்கிற ஒரு ஜோக் இருக்கு. நாம ஏன் சுமாராப் பாடுறோம் தெரியுமா, அடுத்த வரி நமக்குச் சம்மதமான்னு முன்கூட்டியே படிச்சுப் பார்த்துட்டே பாடுறதாலதான்!

இந்த இடத்துலதான் கலை உள்ள வருது. இதுல ஒரு முரண் இருக்கு. அமெரிக்க யூனிடேரியன்களோட முன்னோர்கள் நியூ இங்கிலாந்து பியூரிட்டன்கள். தேவாலயத்துல சிலை கூடாது, ஓவியம் கூடாது, வெள்ளைச் சுவரும் வேதப் பிரசங்கமும் போதும்னு இருந்தவங்க. அந்தப் பரம்பரை எப்படிக் கலைகிட்ட வந்து சேர்ந்ததுங்கிறதை ஒரே ஒரு சபையை வெச்சுப் பார்க்கலாம். நியூயார்க் மாநிலத்துல ராச்சஸ்டர் நகரத்துல இருக்கிற முதல் யூனிடேரியன் சபை.

சாதாரண சபை இல்ல இது. அமெரிக்காவுல பெண்கள் உரிமைக்கான முதல் மாநாடு 1848 ஜூலையில செனிகா ஃபால்ஸ்ல நடந்தது. ரெண்டே வாரத்துல அடுத்த மாநாட்டுக்கு இடம் கொடுத்தது ராச்சஸ்டர் யூனிடேரியன்கள்தான். பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடின சூசன் பி. ஆன்டனி இந்தச் சபைக்கு வந்துட்டு இருந்தவர். அப்படிப்பட்ட சபைக்கு 1950-களோட கடைசியில வீடு போயிடுச்சு. நகரத்து நடுவுல இருந்த அவங்க பழைய கட்டடம் விற்கப்பட்டு, ஒரு ஷாப்பிங் மால் திட்டத்துக்காக இடிக்கப்பட்டது. புதுசாக் கட்டணும். பல கட்டடக் கலைஞர்களை யோசிச்சுட்டு, 1959-ல லூயி கான் என்பவர்கிட்ட வேலையைக் கொடுத்தாங்க.

லூயி கான் பேரு உங்கள்ல சிலருக்குத் தெரிஞ்சிருக்கும். அகமதாபாத் ஐ.ஐ.எம். கட்டடங்கள், டாக்காவுல இருக்கிற பங்களாதேஷ் நாடாளுமன்றம் ரெண்டும் அவர் வடிவமைச்சதுதான். ஆனா ராச்சஸ்டர் வேலை அதுக்கெல்லாம் முன்னாடி வந்தது. அப்போ அவருக்கு ஐம்பத்தெட்டு வயசு இருக்கும், உலகப் புகழ் இன்னும் வரல. யூதக் குடும்பத்துல பிறந்தவர், சின்ன வயசுல அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து ஃபிலடெல்ஃபியாவுல வறுமையில வளர்ந்தவர். குழந்தையா இருக்கும்போது நெருப்புத் துண்டோட வெளிச்சத்துல மயங்கிப்போய் அதைக் கையில எடுக்க, தீப்பிடிச்சு முகத்துல ஆயுளுக்கும் தழும்பு. வெளிச்சத்தை இவ்வளவு சீரியஸா எடுத்துக்கிட்ட ஒரு ஆளுக்கு இப்படி ஒரு பால்ய சம்பவம்! கதாசிரியர் எழுதியிருந்தா ஓவர்னு சொல்லியிருப்போம்.

கான் வேலையை ஆரம்பிச்ச விதம்தான் முக்கியம். அவர் யூனிடேரியன் கிடையாது. அதனால முதல்ல போதகர் பேசறதைக் கேட்டார், சபையார் எதைத் தேடுறாங்கன்னு புரிஞ்சுக்கப் பார்த்தார். அப்புறம் அவங்க முன்னாடியே கரும்பலகையில ஒரு படம் போட்டார். நடுவுல ஒரு சதுரம். அதுதான் வழிபாட்டு அறை. சாதாரணமா அந்த இடத்துல சிலுவையோ பீடமோ வரும். கான் அங்க போட்டது ஒரு கேள்விக்குறி. இவங்களைச் சேர்த்து வெச்சிருக்கிறது ஒரு பதில் இல்ல, கேள்விதான்னு அவருக்குப் பட்டிருக்கு.

அந்தச் சதுரத்தைச் சுத்தி ஒரு வட்டப் பாதை. நம்ம பாஷையில சொன்னா பிரகாரம். ஆனா பிரதட்சிணம் பண்றதுக்காக இல்ல. உள்ள போறதா வேண்டாமான்னு இன்னும் முடிவு பண்ணாதவங்களுக்காகப் போட்ட பாதை அது. உள்ள நடக்கிறது காதுல விழும், உள்ள இருக்கிறவங்க பக்கத்துலயே இருப்பீங்க, ஆனா யாரும் கையைப் பிடிச்சு இழுக்க மாட்டாங்க. அதுக்கு வெளியே ஒரு நடைகூடம், அதையும் சுத்தி வெளி வளையத்துல குழந்தைகளோட வகுப்பறைகள். சந்தேகப்படுறவங்களுக்குன்னு கட்டடத்துலயே ஒரு இடம் ஒதுக்கின வேற யாரையும் நான் இதுவரைக்கும் கேள்விப்பட்டதில்ல. எனக்கு இந்த மொத்தக் கதையிலயும் ரொம்பப் பிடிச்சது அந்தப் பாதைதான்.

அந்தப் படம் அப்படியே கட்டடமா ஆயிடல. கானோட முதல் திட்டத்தைச் சபை ஏத்துக்கல. திரும்ப முதல்ல இருந்து போடுங்கன்னு சொன்னாங்க. தேவைகளைப் பத்தி வாக்குவாதம், கமிட்டி, மறுபடி கமிட்டி. கான் சளைக்காம மறுபடி வரைஞ்சார். வட்டங்கள் போயிடுச்சு. ஆனா நடுவுல வழிபாட்டு அறை, அதைச் சுத்தி வகுப்பறைகள் என்கிற அந்த ஆதாரக் கரு மட்டும் கடைசி வரைக்கும் நின்னுச்சு. கட்டடம் 1962-ல முடிஞ்சது.

வெளியில இருந்து பார்த்தா செங்கல் கட்டடம். சுவர் ஆழமா மடிஞ்சு மடிஞ்சு போகும், ஜன்னல்கள் அந்த மடிப்புக்குள்ள ஒளிஞ்சிருக்கும். கோபுரம் இல்ல, மணிக்கூண்டு இல்ல. கூரைக்கு மேல நாலு மூலையில நாலு பெட்டி மாதிரி எழும்பி நிக்கும். அது என்னன்னு வெளியில நிக்கும்போது புரியாது. உள்ள போனாத்தான் விஷயம். வழிபாட்டு அறைச் சுவர் வெறும் சாம்பல் நிறக் கான்கிரீட் கற்கள். பியூரிட்டன் பாட்டன்மார் பார்த்தாலும் குறை சொல்ல முடியாது. கூரை நடுவுல தாழ்வா, நாலு மூலையில உயரமாப் போகும். அந்த உயரத்துல ஜன்னல்கள் இருக்கு, ஆனா உட்கார்ந்திருக்கிற உங்களுக்கு அது தெரியாது. எங்க இருந்து வருதுன்னு தெரியாம வெளிச்சம் மட்டும் சுவர் வழியா இறங்கும். மேகம் நகர்ந்தா சுவர் இருண்டு போகும், விலகினா மறுபடி வெளுக்கும். பிரசங்கம் நடந்துட்டு இருக்கும்போதே அறை மாறிக்கிட்டே இருக்கும்.

சுவர்ல சாமி படம் எதுவும் கிடையாது. இருக்கிற அலங்காரம் கான் வடிவமைச்ச நெசவுத் திரைகள்தான், வானவில்லோட நிறங்கள்ல. அதுக்கும் ஒரு வேலை இருக்கு, கான்கிரீட் அறையில எதிரொலியைக் குறைக்கணும் இல்லையா.

இப்போ நம்ம மூணு பேரையும் இந்த அறையில உட்கார வைங்க. அந்த வெளிச்சத்தைக் கிறிஸ்தவர் இறையருள்னு எடுத்துக்கலாம். பௌத்தர் நிலையாமைன்னு சொல்லலாம். நாத்திகர் மேகம் நகருதுன்னு சொல்லலாம். யாரும் யாருக்காகவும் பொய் சொல்ல வேண்டியதில்ல, ஆனா மூணு பேரும் ஒரே நேரத்துல ஒரே சுவரைத்தான் பார்த்துட்டு இருக்காங்க. கோட்பாடு ஒவ்வொருத்தர் தலைக்குள்ளயும் தனித்தனியா இருக்கும், கலை அனுபவம் அறைக்கு நடுவுல எல்லாருக்கும் பொதுவா இருக்கும். கலையால இந்தச் சபைக்கு முதல்ல கிடைக்கிறது இதுதான்னு நான் நினைக்கிறேன்.

சடங்குலயும் இதே கதைதான். பல யூனிடேரியன் சபைகள்ல வழிபாடு ஒரு கிண்ண விளக்கை ஏத்தி ஆரம்பிக்கும். பார்த்தா ஏதோ பழங்கால மரபு மாதிரி இருக்கும். உண்மையில அது 1941-ல லிஸ்பன்ல பிறந்த சின்னம். நாஜிகள்கிட்ட இருந்து தப்பி வர்ற அகதிகளுக்கு உதவ யூனிடேரியன்கள் அங்க ஒரு அலுவலகம் வெச்சிருந்தாங்க. அவங்க கொடுக்கிற காகிதங்களுக்கு அதிகாரபூர்வமான தோற்றம் வேணும், ஒரு முத்திரை வேணும். அங்க பொறுப்புல இருந்த சார்லஸ் ஜாய், ஹான்ஸ் டாய்ச் என்கிற ஆஸ்திரிய ஓவியர்கிட்ட கேட்டார். டாய்ச்சே ஒரு அகதி. ஹிட்லரைக் கிண்டல் பண்ணிக் கார்ட்டூன் போட்டவர், யூனிடேரியனும் இல்ல. அவர் வரைஞ்சு கொடுத்ததுதான் சுடர் எரியற அந்தக் கிண்ணம். ஒரு அலுவலக முத்திரை பிற்பாடு மெல்ல மெல்ல நிஜ விளக்காகி, வழிபாட்டோட தொடக்கமாவே ஆயிடுச்சு.

இன்னொண்ணு, மலர் பகிர்வு. 1923-ல ப்ராக் நகரத்துல நார்பெர்ட் சாபெக் என்கிற போதகர் ஆரம்பிச்சது. அவர் சபையில நிறைய பேர் கத்தோலிக்கத்தை விட்டு வந்தவங்க, அப்பமும் திராட்சை ரசமும்னாலே ஒதுங்குவாங்க. அதனால ஆளுக்கு ஒரு பூ கொண்டுவந்து பொதுச் சாடியில வைக்கணும், போகும்போது வேற யாரோ கொண்டுவந்த பூவை எடுத்துட்டுப் போகணும். அவ்வளவுதான் சடங்கு. சாபெக்கை நாஜிகள் கைது பண்ணி 1942-ல கொன்னுட்டாங்க. அவர் மனைவி மாயா மூலமா அந்தச் சடங்கு அமெரிக்காவுக்குப் போய் இன்னைக்கும் வருஷா வருஷம் நடக்குது.

சரி, அப்போ நல்ல கலை இருந்தா சபை தானா நிலைச்சிடுமா? இல்ல. இதுக்கு ஒரு ஜோடிக் கதை இருக்கு. விஸ்கான்சின் மாநிலத்துல மேடிசன் யூனிடேரியன் சபை, தன் உறுப்பினரான ஃப்ராங்க் லாயிட் ரைட்கிட்டயே கட்டடம் கேட்டது. கூப்பின கைகள் மாதிரிக் கூரை. பணம் பத்தல, ரைட் கட்டடங்கள்ல இது வழக்கம்தான். சபையாரே முப்பது மைல் தள்ளி இருந்த குவாரியில இருந்து வாரக் கடைசிகள்ல கல்லைச் சுமந்துட்டு வந்தாங்க, கிட்டத்தட்ட ஆயிரம் டன். உள்ளே தொங்கின திரையைச் சபைப் பெண்களே கையால நெஞ்சாங்க. 1951-ல திறந்தாங்க, இன்னைக்கும் அங்க சபை கூடுது.

ரைட்கிட்ட அந்த வேலையைக் கொடுத்தப்போ அங்க போதகரா இருந்த கென்னத் பேட்டன், 1949-ல பாஸ்டனுக்குப் போய் சார்ல்ஸ் ஸ்ட்ரீட் மீட்டிங் ஹவுஸ்ல பொறுப்பேத்தார். அது யூனிவர்சலிஸ்ட் பக்கத்துச் சபை. பேட்டன் ஒரு கவிஞர். உட்காரும் இடத்தை வட்டமா மாத்தினார். ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலத்தைச் சுவரோவியமா வைக்கச் சொன்னார். உலக மதங்களோட சின்னங்கள், பல நாட்டுக் கலைப்பொருள்கள், புதுப் பாடல்கள்னு துணிச்சலா எல்லாம் பண்ணிப் பார்த்தார். அவர் எழுதினது யூனிடேரியன் பாட்டுப் புத்தகங்கள்ல இன்னும் இருக்கு. ஆனா சபை பெரிசா வளரல. 1964-ல அவர் போயிட்டார். 1980-கள்ல அந்தக் கட்டடம் கடைகளும் அலுவலகங்களுமா மாறிடுச்சு.

ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்? என் கணிப்பு இது: மேடிசன்ல ஜனங்க கல் சுமந்தாங்க, பாஸ்டன்ல பெரும்பாலும் ஒருத்தரோட பார்வையைப் போய்ப் பார்த்தாங்க. கலையை ரசிக்க வர்றவங்க அடுத்த வாரம் வேற இடத்துக்கும் போகலாம். திரையை நெஞ்சவங்க அவ்வளவு சுலபமா விட்டுட்டுப் போக மாட்டாங்க.

இன்னொரு சிக்கலையும் சொல்லாம விடக்கூடாது. 'நல்ல கலை'ன்னு யார் முடிவு பண்றது? அமெரிக்க யூனிடேரியன் சபைகள்ல பெரும்பான்மை வெள்ளையர்கள், படிச்ச நடுத்தர வர்க்கம். பாக் இசையும் கான்கிரீட்டும் அவங்களுக்கு ஆன்மிகமாத் தெரியும். வேற பின்னணியில இருந்து வர்றவருக்கு அதே அறை, டிக்கெட் இல்லாம நுழைஞ்ச மியூசியம் மாதிரி இருக்கலாம். நம்பிக்கைப் பட்டியலை எடுத்துட்டு அந்த இடத்துல ரசனைப் பட்டியலை வெச்சா, வாசல் அதே அளவுக்குக் குறுகிடும். அவங்களுக்கு இது தெரியாம இல்ல. 1993-ல வந்த அவங்க முக்கியப் பாட்டுப் புத்தகத்துல தாகூர் வரைக்கும் இடம் கொடுத்திருந்தாங்க. 2005-ல இன்னும் பல இசை வகைகளோட ஒரு துணைப் புத்தகமும் போட்டாங்க. அது போதுமாங்கிற விவாதம் அவங்களுக்குள்ளயே ஓடிட்டு இருக்கு.

ராச்சஸ்டர் கட்டடத்தோட படங்கள் இணையத்துல நிறைய இருக்கு. ஒரே படத்தைப் பார்த்துட்டு நிறுத்திடாதீங்க. அதே அறையை வெயில்லயும், மேகமூட்டத்துலயும், சாயங்காலத்துலயும் எடுத்த படங்களைத் தேடி வரிசையா வெச்சுப் பாருங்க. நான் வெளிச்சத்தைப் பத்திச் சொன்னது அப்போ புரியும். பார்த்துட்டு எழுதுங்க. அடுத்த எபிசோடுல பார்க்கலாம்.