சாஸேஜுக்குத் தமிழில் உப்புக்கண்டமா?

சமையல் குறிப்புகளைத் தமிழாக்கும் நண்பர் ஒருவர் கேட்டார்: "சாஸேஜ்னு வர்ற இடத்துல எல்லாம் உப்புக்கண்டம்னு போட்டுறலாமா?" கேட்க எளிய கேள்விதான். ஆனால் தப்பாகப் பதில் சொன்னால் யாருக்காவது உடம்புக்கு ஆகாமல் போகலாம். எப்படி என்று பார்ப்போம்.

சொல்

உப்புக்கண்டத்தில் வரும் கண்டம் என்றால் துண்டு. வடமொழி வழி வந்த சொல். "கண்டந்துண்டமா வெட்டுறது" என்கிறோமே, அதே கண்டம். (கழுத்தைக் குறிக்கும் கண்டம் வேறு.) கற்கண்டில் இருக்கும் கண்டும் இந்தக் குடும்பம்தான். இதே சொல் பாரசீகம், அரபி, பிரெஞ்சு என்று சுற்றி ஆங்கிலத்தில் 'கேண்டி' ஆனது. ஆக, மிட்டாயும் உப்புக்கறியும் ஒருவகையில் பங்காளிகள்!

பழைய தமிழில் வாடூன் என்றார்கள். வாடு + ஊன், அதாவது உலர்ந்த இறைச்சி. பெரும்பாணாற்றுப்படையில் எயினர் குடிசைச் சாப்பாட்டில் இது வருகிறது. அந்த 'வாடு' இன்றும் கருவாட்டில் உயிரோடு இருக்கிறது.

பழக்கம்

நாங்குநேரி மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கிற ஊர். வெயிலுக்கும் காற்றுக்கும் குறைவில்லை. ஃப்ரிட்ஜ் வராத காலத்தில் கோயில் கொடையில் கிடா வெட்டினால் மிஞ்சும் கறியை என்ன செய்வது? எலும்பில்லாத கறியை மெல்லிசாக, நீளநீளமாக அரிந்து, உப்பு, மஞ்சள்தூள், வத்தல் பொடி புரட்டி, நூலில் கோத்து, வெயிலில் கட்டிவிடுவார்கள். துணி காயப்போடும் கொடியில் தொங்குவதால் கொடிக்கறி என்றும் பெயர். காக்காய்க்கு ஒரு ஆள் காவல். நாலைந்து நாளில் விறகு மாதிரி ஆகிவிடும். பானையில் போட்டு வைத்து, வேண்டும்போது தட்டி எண்ணெயில் பொரிப்பது.

பேச்சிலும் இது புகுந்துவிட்டது. "உன்னைய உப்புக்கண்டம் போட்டுருவேன்" என்றால் என்ன அர்த்தம் என்று விளக்கத் தேவையில்லை.

சாஸேஜ்

லத்தீனில் 'சால்' என்றால் உப்பு. 'சால்சுஸ்' என்றால் உப்பிட்டது. அதிலிருந்து வந்ததுதான் சாஸேஜ். சலாமி, சாஸ், சாலட் எல்லாமே அந்த உப்பு வேரில் முளைத்தவை. அங்கேயும் இங்கேயும் கறிக்குப் பெயர் கொடுத்தது உப்புதான். நண்பரின் யோசனை பாதி சரி என்று தோன்றுவது இதனால்தான்.

மீதிப் பாதிதான் சிக்கல். எங்கள் மென்பொருள் தொழில் பாஷையில் சொன்னால், இன்டர்ஃபேஸ் ஒன்று, இம்ப்ளிமென்டேஷன் வேறு.

பாக்டீரியா வளரத் தண்ணீர் வேண்டும். கறியில் மொத்தம் எவ்வளவு தண்ணீர் என்பதைவிட, அதன் கைக்கு எட்டுவது எவ்வளவு என்பதே முக்கியம். இதற்கு 'நீர்ச் செயல்பாடு' என்று ஓர் அளவு உண்டு. சுத்தமான நீருக்கு 1. பச்சைக் கறிக்கு ஏறக்குறைய 0.99; 0.85-க்குக் கீழே போனால் நோய் தரும் பாக்டீரியாக்களால் பெருக முடியாது. மெல்லிய துண்டு என்றால் உப்பு சீக்கிரம் ஊறும், வெயில் சீக்கிரம் உலர்த்தும். கிருமி பெரும்பாலும் வெளிப்பக்கத்தில்தான் இருக்கும். அங்கேதான் உப்பும் காற்றும் முதலில் வேலை செய்கின்றன.

பதப்படுத்திய சாஸேஜில் கறியைக் கொத்தி, கொழுப்பு சேர்த்து, குடலுக்குள் அடைக்கிறார்கள். கொத்தும்போதே வெளியே இருந்த கிருமி உள்ளே கலந்துவிடும். உள்ளே காற்று கிடையாது. ஈரம் மெதுவாகத்தான் போகும். காற்றில்லாத இடத்தில் வளரும் ஒரு பாக்டீரியாவுக்கு இது சௌகரியம். 1820-களின் தொடக்கத்தில் ஜெர்மன் மருத்துவர் யூஸ்டினஸ் கெர்னர் இந்த 'சாஸேஜ் விஷத்தை' விரிவாக எழுதினார். அந்த நோயின் பெயரே பாட்டுலிசம். லத்தீனில் 'போட்டுலுஸ்' என்றாலும் சாஸேஜ்தான்! இதற்குக் காவலாகத்தான் இன்று அளந்து நைட்ரைட் சேர்க்கிறார்கள். அந்த ரோஸ் நிறமும் அதனால்தான். நம் நாட்டில் கோவாவின் சோரிஸ் இந்த இனம். போர்ச்சுக்கீசிய 'சோரிசோ'விலிருந்து வந்த பெயர். அதில் பன்றிக்கறியோடு உப்பு, மிளகாய், தாராளமாக வினிகர் சேரும். அந்தப் புளிப்பும் ஒரு காவல்.

இப்போது யோசியுங்கள். சாஸேஜ் செய்முறைக்கு 'உப்புக்கண்டம்' என்று தலைப்புப் போட்டால், படிப்பவர் "இது நம்ம ஆச்சி செஞ்சதுதானே" என்று கொத்துக்கறியைக் குடலில் அடைத்து, வெறும் சமையல் உப்போடு மொட்டை மாடியில் தொங்கவிடலாம். ஆச்சியின் முறை பாதுகாப்பாக இருந்ததற்குக் காரணம் உப்பு மட்டும் இல்லை. 'கண்டம்' என்ற அந்த மெல்லிய துண்டும்தான்.

நண்பருக்கு நான் சொன்னது இது: சாஸேஜைச் சாஸேஜ் என்றே எழுதுங்கள், விளக்கம் வேண்டுமென்றால் 'குடலில் அடைத்த கொத்துக்கறி' போதும். தென்னாப்பிரிக்காவின் பில்டாங், அமெரிக்காவின் ஜெர்க்கி வந்தால் தயங்காமல் உப்புக்கண்டம் என்று போடுங்கள். அவையும் அரிந்து, உப்பிட்டு, உலர்த்திய துண்டுகளே.