காருக்குள் தொங்கும் வாசனைப் பை: எந்தக் கயிறு சரி?

ஒரு துண்டு ஃபெல்ட் துணி, பத்து சொட்டு எலுமிச்சை எண்ணெய், தொங்கவிட ஒரு கயிறு. வீட்டிலேயே கார் ஏர் ஃபிரெஷ்னர் செய்ய இவ்வளவு போதும். எந்த வாசனை, எந்தத் துணி என்றெல்லாம் யோசிக்கும் நாம், கயிறு விஷயத்தில் மட்டும் கையில் கிடைத்ததைக் கட்டிவிடுகிறோம். இரண்டு வாரம் கழித்து மிரரின் தண்டு பிசுபிசுன்னு ஆகி, பிளாஸ்டிக் மங்கிப்போயிருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்தக் கயிற்றைத்தான்.

கயிறு எப்படித் திரியாகிறது?

அகல் விளக்கில் எண்ணெய் கீழே இருக்கிறது, சுடர் மேலே எரிகிறது. நடுவில் எண்ணெயை ஏற்றிவிடுவது திரி. இழைகளுக்கு இடையே உள்ள நுண்ணிய இடைவெளி வழியாக எண்ணெய் தானாகவே மேலேறும். பள்ளியில் நுண்புழை ஏற்றம் என்று படித்தோமே, அதேதான். எண்ணெய் நனைத்த துணியில் நூலைக் கட்டினால் அந்த நூலும் ஒரு திரிதான். எண்ணெய் மெதுவாக ஏறி மிரர் தண்டை எட்டிவிடும்.

எட்டினால் என்ன ஆகும்? எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல் எண்ணெய்களில் லிமோனீன் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. தெர்மாகோலையே கரைக்கக்கூடியது அது. காருக்குள் இருக்கும் சில வகை பிளாஸ்டிக்கையும் மங்கச் செய்துவிடும்.

ராஜபாளையத்தில் ஒரு விடை

ராஜபாளையம் நூல் ஊர். பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-ல் தொடங்கிய ராஜபாளையம் மில்ஸ் தொட்டு, இந்த வட்டாரத்தின் பிழைப்பே பருத்தியோடு பின்னிக் கிடக்கிறது. பக்கத்தில் உள்ள சத்திரப்பட்டி, மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணிக்கும் காஸ் துணிக்கும் பெயர்பெற்றது.

காஸ் துணிக்கு உறிஞ்சும் குணம்தான் முக்கியம். பறித்த பருத்தியின் மேல் இயற்கையான மெழுகுப் படலம் இருக்கும். அதைக் காரத்தில் வேகவைத்து, வெளுத்து நீக்கிய பிறகுதான் துணி தண்ணீரை ‘சட்’டென்று குடிக்கும். வாசனைப் பைக்கு நமக்குத் தேவையானதும் இதே குணம்தான். கயிற்றுக்கு நேர் எதிர். பை குடிக்க வேண்டும், கயிறு குடிக்கக் கூடாது.

‘அப்போ வெளுக்காத நூலைக் கட்டலாமே?’ என்று கேட்கலாம். அந்த மெழுகு தண்ணீரைத்தான் தள்ளும். எண்ணெயோடு நன்றாகவே ஒட்டிக்கொள்ளும். அதனால் வெளுக்காத நூலும் எண்ணெயை ஏற்றும்.

பூ கட்டும் நார் ஏன் சரிவராது?

ஸ்ரீவில்லிபுத்தூரில் மாலைக்குத் தனி இடம் உண்டு. ஆண்டாள் சூடிய மாலைதான் சித்திரைத் திருவிழாவில் மதுரை கள்ளழகருக்கும், புரட்டாசி பிரம்மோற்சவத்தில் திருப்பதிக்கும் போகிறது. கார் மிரரில் பூச்சரம் மாட்டுவது நம் ஊரில் சாதாரண வழக்கம். வாழைநாரை நனைத்துத்தான் பூ கட்டுவார்கள். ஈரத்தில் அது வளைந்து கொடுக்கும், காய்ந்தால் விறைத்துவிடும். ஒரு நாள் வாழும் பூவுக்கு அது போதும். மாதக்கணக்கில் தொங்கும் பைக்கு ஒத்துவராது.

எந்தப் பைக்கு எந்தக் கயிறு?

• வெட்டிவேர், காபிக்கொட்டை, பட்டை, கிராம்பு போன்ற உலர் பொருள்: முறுக்கிய பருத்தி நூல் கயிறு. மேலேற எண்ணெய் இல்லை, முடிச்சும் வழுக்காது.

• அடிக்கடி தண்ணீர் தெளிக்கும் வெட்டிவேர்: பாலியஸ்டர் கயிறு. ஈரம் தங்கினால் பருத்தியும் சணலும் பூஞ்சை பிடிக்கும்.

• எண்ணெய் ஊற்றிய ஃபெல்ட் அல்லது காஸ் துணி: தூண்டிலுக்குப் பயன்படும் தங்கூசி நரம்பு. ஒற்றை இழை என்பதால் உள்ளே எண்ணெய் ஏற இடைவெளியே இல்லை. ஆனால் முடிச்சு வழுக்கும், இரண்டு மூன்று முறை போட்டு இறுக்குங்கள்.

• சணல்: பார்க்க அழகு, ஆனால் தும்பு உதிரும். எண்ணெயையும் ஏற்றும்.

• எலாஸ்டிக்: வேண்டாம். எண்ணெய் பட்டால் ரப்பர் உப்பித் தளர்ந்துவிடும்.

நூல் கயிறுதான் பிடிக்கும் என்றால் ஒரு வழி இருக்கிறது. துணியின் மேல்பகுதியில் ஒரு சிறு வளையம் மாட்டி, கயிற்றை அதில் கோத்துவிடுங்கள். எண்ணெயைத் துணியின் கீழ்ப்பாதியில் மட்டும், துணி குடிக்கும் அளவுக்கு விடுங்கள். ஒரு நாள் வெளியே உலரவிட்ட பிறகு காரில் மாட்டுங்கள்.

வெயிலில் உருகிவிடாதா?

அமெரிக்காவின் அரிசோனாவில் செய்து 2018-ல் வெளியான ஆய்வு ஒன்றில், வெயிலில் ஒரு மணி நேரம் நிறுத்திய கார்களின் உள்காற்று சராசரியாக 47 டிகிரி செல்சியஸையும், டேஷ்போர்டு 69 டிகிரியையும் தொட்டன. நைலானும் பாலியஸ்டரும் உருக 200 டிகிரிக்கு மேல் வேண்டும், அதனால் கயிறு உருகாது. மெழுகு பூசிய நூல் விஷயம் வேறு. தேன்மெழுகு 62 டிகிரிக்கு மேல் உருகத் தொடங்கும். அந்தக் கயிறு டேஷ்போர்டைத் தொட்டால் ஒட்டிக்கொள்ளும். சூட்டில் எண்ணெயும் இளகி, இன்னும் வேகமாக மேலேறும்.

நீளம்தான் உயிர் விஷயம்

கண்ணிலிருந்து 60 செ.மீ. தொலைவில் 10 செ.மீ. அகலப் பை ஒன்று தொங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கண்ணாலும் பார்த்தாலும், 20 மீட்டர் தள்ளி ஒரு மீட்டருக்கு மேல் அகலமான இடம் மறைந்துவிடும். சாலையைக் கடக்கும் ஒருவர் அதற்குள் அடங்கிவிடுவார். 60 கி.மீ. வேகத்தில் அந்த 20 மீட்டரைக் கடக்க 1.2 விநாடிதான் ஆகும்.

இனி ஆட்டம். ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 744, செங்கோட்டை தாண்டி மலையேறி கொல்லம் போகிறது. அந்த வளைவுகளில் பை ஊசலாடும். கயிற்றின் நீளம் பாதியானால் பை விலகும் தூரமும் பாதியாகும். ஓட்டுநரின் பார்வையை மறைக்கும்படி பொருள் தொங்கவிடுவதை கலிஃபோர்னியா சட்டம் போட்டே தடுத்திருக்கிறது.

பை மிரரின் கீழ் விளிம்பைத் தாண்டக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைவிட நல்ல இடம், முன் இருக்கை ஹெட்ரெஸ்ட்டின் பின்பக்கக் கம்பி. பின்னால் குழந்தை உட்காரும் என்றால் அங்கேயும் வேண்டாம். கயிறு கழுத்தில் சிக்கலாம், பையில் கற்பூரம் இருந்தால் வாயிலும் போகலாம். சிறு பிள்ளைகளுக்கு கற்பூரம் நஞ்சு. கதவுக்கு மேலுள்ள கைப்பிடியிலும் கண்ணாடிக் குப்பி போன்ற கனமான பொருளை மாட்டாதீர்கள். பக்கவாட்டு ஏர்பேக் உள்ள கார்களில் அது விரியும்போது குப்பி தெறித்து வரும்.

மாட்டும் முன் ஒரு சோதனை

ஒரு மூடியில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் ஊற்றுங்கள். கயிற்றின் ஒரு நுனியை அதில் நனைத்து, மறுநுனியை மூடியின் விளிம்புக்கு மேலாக எடுத்து ஒரு வெள்ளை டிஷ்யூ தாளில் வையுங்கள். இரவு முழுக்க அப்படியே விடுங்கள். காலையில் தாளில் எண்ணெய்க் கறை தெரிந்தால், அந்தக் கயிறு உலர் பைக்கு மட்டும்.