கிணற்றுத் தண்ணீரும் கொதிக்கும் பிக்கப்பும்

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்ட பிறகு யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது நின்றது. ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மொறிஸ் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். சூடு போதாவிட்டால் மண்ணெண்ணெய் ஆவியாகாது. எரியாத மிச்சம் சிலிண்டர் சுவரால் வழிந்து எஞ்சின் ஒயிலைக் கெடுத்துவிடும். சூடு மிஞ்சினாலோ எஞ்சின் 'நொக்' அடிக்கும். எஞ்சினுக்குச் சூடும் வேண்டும், அளவோடும் வேண்டும் என்பது அக்காலச் சாரதிகளுக்கு அனுபவத்தில் தெரிந்த விடயம்.

பருத்தித்துறையில் இன்று மீன்பெட்டி ஏற்றும் பழைய டீசல் பிக்கப்புகளைப் பராமரிப்போர் இதில் முதற்பாதியை மறந்துவிட்டார்கள். சூடு காட்டும் ஊசி மேலே ஏறுகிறதா, தேர்மோஸ்ரற்றைக் கழற்றி எறி! பல கராஜ்களில் கிடைக்கும் முதல் வைத்தியம் இதுதான். என் கணக்கில் அது வைத்தியமே அல்ல. தேர்மோஸ்ரற் ஏறத்தாழ 82 பாகையில் திறந்து, எஞ்சினை உரிய சூட்டில் வைத்திருக்கும். அதைக் கழற்றினால் எஞ்சின் சூடேறச் சுணங்கும், டீசல் கூடக் குடிக்கும், தேய்மானமும் கூடும். உண்மையான நோயோ உள்ளேயே இருக்கும்.

அந்த நோய் பெரும்பாலும் கிணற்றிலிருந்து வருகிறது. குடாநாட்டின் நிலத்தடி முழுக்கச் சுண்ணாம்புக்கல். அதில் ஊறிய தண்ணீர் சூடாகும்போது கல்சியம் காபனேற்று பிரிந்து படிகிறது. கேத்தலின் அடியில் வெள்ளையாக ஒட்டிக்கொள்கிறதே, அதேதான் றேடியேற்றரின் ஒடுங்கிய குழாய்களிலும் படிகிறது. கரையோரக் கிணறுகளில் உப்பும் சேர்ந்துவிடும். அது உலோகத்தை அரிக்கும். போதாததற்குக் கடற்காற்று வெளியிலிருந்து றேடியேற்றரின் தகடுகளைத் தின்கிறது. பனி விழாத ஊருக்குக் கூலன்ற் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அதிலுள்ள துருத்தடுப்பு மருந்துதான் நமக்கு வேண்டியது. கொதிநிலை கூடுவது இலாபம். கூலன்ற்றோடு கலக்க பற்றரிக்கு விடும் வடிநீரை வாங்குங்கள்.

ஊசி எங்கே ஏறுகிறது என்று கவனித்தாலே பாதி நோய் பிடிபடும். நெல்லியடிச் சந்தியில் ஊர்ந்து நிற்கும்போது ஏறி, வல்லை வெளியில் காற்றுப்பட இறங்கினால் விசிறியையும் பெல்ற்றையும் பாருங்கள். சந்தியில் ஒழுங்காக இருந்து, வல்லை வெளியில் பாரத்தோடு வேகமெடுக்கும்போது ஏறினால் பெரும்பாலும் றேடியேற்றர் அடைப்பு. அதைக் கழற்றிக் கழுவ வேண்டும். இரண்டுக்கும் முன்னால் றேடியேற்றர் மூடியைச் சோதிப்பது மலிவான வேலை. மூடி ஒரு சதுர அங்குலத்துக்கு ஒரு இறாத்தல் அழுத்தம் கூடுதலாகத் தாங்கினால், தண்ணீரின் கொதிநிலை ஏறத்தாழ ஒன்றரைப் பாகை உயரும். அதன் இறப்பர் வளையம் வெடித்திருந்தால் நல்ல றேடியேற்றரும் கொதிக்கும்.

நடுவழியில் ஊசி சிவப்பைத் தொட்டால் ஏசியை நிறுத்தி ஹீற்றரைப் போடுங்கள். யாழ்ப்பாணத்து வெயிலில் ஹீற்றரா என்று பக்கத்திலிருப்பவர் சிரிப்பார், சிரிக்கட்டும். எஞ்சினின் சூட்டை வாங்கி வெளியே விடும் இன்னொரு குட்டி றேடியேற்றர் அது. பிறகு ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். ஆறும்வரை மூடியில் கைவைக்கக் கூடாது. அழுத்தத்துக்குள் 100 பாகையைத் தாண்டிய தண்ணீர், மூடி திறந்ததும் ஆவியாகப் பீறிட்டு முகத்தில் அடிக்கும். கொதித்த எஞ்சினுக்குப் பச்சைத்தண்ணீர் ஊற்றவும் கூடாது. சூட்டில் அலுமினியம் வார்ப்பிரும்பைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். அலுமினிய ஹெட் உள்ள எஞ்சின் திடீரென்று குளிர்ந்தால் ஹெட் வளையலாம், வெடிக்கவும் கூடும். அந்தச் செலவோடு ஒப்பிட்டால் கூலன்ற்றின் விலை ஒன்றுமேயில்லை.

இன்னொன்று. கழற்றிய பழைய கூலன்ற்றை வளவுக்குள் ஊற்றாதீர்கள். அதிலுள்ள எதிலீன் கிளைக்கோல் இனிக்கும் நஞ்சு. நாயும் பூனையும் நக்கிக் குடித்துச் சாகும். சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளால் இறங்கினால் அது கிணற்றுக்கே போய்ச் சேரும். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது ஊர் பட்ட பாடு நமக்குத் தெரியும். பழைய கூலன்ற்றை ஒரு கானில் அடைத்து, கழிவு ஒயில் சேர்க்கும் சேர்விஸ் நிலையத்தில் ஏற்பார்களா என்று கேட்டுக் கொடுங்கள்.