கொடி ஒன்று, ராணுவம் இரண்டு

1990 மே 22. வடக்கு ஏமனும் தெற்கு ஏமனும் ஒரே நாடாயின. வடக்கின் அலி அப்துல்லா சாலே அதிபர். தெற்கின் அலி சலேம் அல் பீத் துணை அதிபர். கொடி ஒன்று, நாடாளுமன்றம் ஒன்று. ராணுவம் மட்டும் இரண்டு.

வடக்கின் படைப்பிரிவுகள் சில தெற்கிலும், தெற்கின் படைப்பிரிவுகள் சில வடக்கிலும் முகாமிட்டன. உத்தரவோ பழைய எஜமானர்களிடமிருந்தே வந்தது. ஒற்றுமையின் அடையாளமாகப் போனவர்கள், பகை முற்றியதும் எதிரியின் மண்ணில் சிக்கிக்கொண்டார்கள்.

1993 தேர்தலில் தெற்கின் சோஷலிஸ்ட் கட்சிக்கு மூன்றாம் இடம்தான். மனம் கசந்த அல் பீத் தலைநகர் சனாவைவிட்டு ஏடனுக்குப் போய்விட்டார். 1994 பிப்ரவரியில் அம்மானில் சமரச ஒப்பந்தம் கையெழுத்தானது. பயனில்லை. ஏப்ரல் 27 அன்று, சனாவுக்கு வடக்கே அம்ரானில், ஒரே நாட்டின் டாங்கிகள் ஒன்றையொன்று சுட்டன. மே மாதம் முழுப் போர் வெடித்தது. மே 21 அன்று அல் பீத் தனிநாடு பிரகடனம் செய்தார்.

1937 வரை பிரிட்டிஷ் இந்தியாவோடு சேர்த்து ஆளப்பட்ட துறைமுகம் ஏடன். முற்றுகையில் குடிநீருக்குத் தவித்த அந்நகரம் ஜூலை 7 அன்று வீழ்ந்தது.

வடக்கு வென்றது. தெற்கின் ராணுவத்தினர் ஆயிரக்கணக்கில் கட்டாய ஓய்வில் அனுப்பப்பட்டார்கள். ராணுவம் ஒருவழியாக ஒன்றாகிவிட்டது என்று சனா நினைத்தது. 2007-ல் தெற்கின் வீதிகளில் மீண்டும் போராட்டத்தைத் தொடங்கியவர்கள், வீட்டுக்கு அனுப்பப்பட்ட அதே ராணுவத்தினர்தான்.